பழைய காரின் ஸ்பீடோமீட்டர் மக்கர் செய்தால்: முதலில் கிலோமீட்டர் எண்ணைப் பாருங்கள்

குன்னூரில் என் வீட்டு வாசலில் நிற்கும் பத்மினி காருக்கு இதுவரை ஐந்து முறை ஸ்பீடோமீட்டர் வேலை பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்து அம்பாசடர்களையும் ஜீப்புகளையும் சேர்த்தால் கணக்கு மறந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: "அண்ணா, மீட்டர் போயிடுச்சுங்க. புதுசு எங்க கிடைக்கும்?"

பெரும்பாலும் மீட்டர் போயிருக்காது. போனது கேபிளாக இருக்கும், அல்லது கேபிளைப் பிடித்திருக்கும் நட்டாக இருக்கும். அதனால் நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "கிலோமீட்டர் எண் ஓடுதா?"

முள்ளுக்கும் எண்ணுக்கும் சுழற்சி வருவது ஒரே கேபிளிலிருந்து. மீட்டருக்குள் நுழைந்த பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. எண் பல்சக்கரத்தில் ஓடுகிறது. முள் காந்தத்தின் இழுப்பில் அசைகிறது. இரண்டும் சேர்ந்து படுத்தால் கோளாறு மீட்டருக்குக் கீழே. ஒன்று மட்டும் படுத்தால் மீட்டருக்குள்ளே. இந்தப் பாகுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கேபிளில் ஓடும் மீட்டருக்கு மட்டுமே இது பொருந்தும். சென்சாரும் வயரும் மட்டும் உள்ள புதிய மீட்டர்களுக்கு இதில் வேலையில்லை.

## கை வைக்கும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பழைய காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் தோல் உரிந்த வயர்கள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்தது நம் மலைக்காரர்களுக்கு மட்டும். இந்த வேலைக்குச் சரிவில் ஜாக்கி போடவே கூடாது. பத்மினி, அம்பாசடர் இரண்டிலும் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். சமதளம் கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை காத்திருங்கள். குன்னூரில் சமதளம் தேடுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியிருக்கும் ஒரு கிடங்கின் முற்றத்தைப் பயன்படுத்துகிறேன். அங்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் காருக்கு அடியில் தலையை நுழைப்பேன்.

## முள்ளும் அசையவில்லை, எண்ணும் ஓடவில்லை

அடிக்கடி வருவது இதுதான். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

மீட்டருக்குப் பின்னால் உள்ள நட். கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான ஓரம் உள்ள வட்ட நட் ஒன்று கேபிளை மீட்டரோடு பிடித்திருக்கும். பத்மினியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால். நடுவில் மீட்டர் வைத்த பழைய அம்பாசடரில் டாஷ்போர்டின் மத்தியில். நட் கழன்று தொங்கினால் மரை ஏறும் வரை கையால் முடுக்குங்கள். கை முடுக்கு போதும். கட்டிங் பிளேயர் போட்டால் மீட்டர் பக்கத்து மரை போய்விடும். பிறகு ஐந்து நிமிட வேலை ஐந்து நாள் வேலையாகும். கியர்பாக்ஸ் முனையிலும் இதேபோல் ஒரு நட் உண்டு. அதையும் பாருங்கள்.

தள்ளிப் பார்க்கும் சோதனை. நட் சரியாக இருந்தால் மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, அதன் முனை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே இழுத்து வையுங்கள். நடுவில் சதுரமான கம்பி நுனி தெரியும். கியரை நியூட்ரலில் போட்டு, ஒருவர் மெதுவாகக் காரைத் தள்ள, இன்னொருவர் அந்த நுனியைப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் தூரம் தள்ளினாலே நுனி இரண்டு மூன்று முறை சுற்றுவது தெரியும். தள்ளும்போது ஸ்டியரிங்கில் ஒரு ஆள், பிரேக்கில் அவர் கால். இதில் சமரசம் வேண்டாம்.

நுனி சுற்றினால் கேபிளும் கியர்பாக்ஸும் நலம். மீட்டரின் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகியிருக்கலாம், அல்லது கேபிள் நுனி துளைக்குள் போதுமான அளவு நுழையாமல் இருக்கலாம். அவுட்டரின் (கேபிளின் வெளி உறை) முகத்திலிருந்து இன்னர் (உள்ளே சுற்றும் கம்பி) சுமார் 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் அது காருக்குப் பொருந்தாத கேபிள், அல்லது கீழ்முனை சரியாக உட்காரவில்லை.

நுனி சுற்றாவிட்டால் இன்னரைப் பிடித்து மேலே இழுங்கள். அரை நீளத்தில் கையோடு வந்துவிட்டால் அறுந்துவிட்டது என்று பொருள். முழுதாக வந்தால் இரண்டு முனைகளின் சதுரத்தையும் விரலால் தடவுங்கள். மூலைகள் மழுங்கியிருந்தாலும் கேபிள் மாற்ற வேண்டியதுதான்.

இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேபிள் அறுந்தபோது புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். மூன்று வாரத்தில் அதுவும் அறுந்தது. கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று போட்டேன். அதுவும் பர்லியார் தாண்டும் முன்பே போய்விட்டது. மூன்றிலும் அறுந்த இடம் ஒன்றே: மீட்டர் முனைக்கு இரண்டு அங்குலம் கீழே. அப்போதுதான் உறைத்தது. மீட்டருக்குள் இருக்கும் சுழல்தண்டு வறண்டு இறுகியிருந்தது. கீழே கியர்பாக்ஸ் சுற்ற, மேலே மீட்டர் சுற்ற மறுக்க, நடுவில் கேபிள் முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கிறது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

எனவே புதுக் கேபிள் போடும் முன், பழைய இன்னரிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, மீட்டரின் துளையில் செருகி, விரலால் உருட்டிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். ஒரு பக்கம் உருட்டும்போது முள் துடிக்க வேண்டும். மறுத்தால், மணல் அரைபடுவது போல் இருந்தால், கேபிளை மாற்றிப் பயனில்லை.

கியர்பாக்ஸ் பக்கம். கேபிள் முழுதாக இருந்தும் காரைத் தள்ளும்போது சுற்றவில்லை என்றால், கீழ்முனையைக் கழற்றி, கியர்பாக்ஸின் பின்பகுதியில் உள்ள மீட்டர் பினியனை (கேபிளைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) வெளியே எடுத்துப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் பினியனை மட்டும் மாற்றலாம். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் பல்லை எண்ணி வாங்குங்கள்.

பினியன் நன்றாக இருந்து, உள்ளே அதைச் சுற்றும் பல்தான் தேய்ந்திருந்தால் அது கியர்பாக்ஸின் பின்மூடியைத் திறக்கும் வேலை. கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கார் ஓடும், அவசரமில்லை. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்று.

## எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை

கேபிளைத் தொடாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது. முள் தன் தண்டில் தளர்ந்திருக்கலாம், அல்லது முள்ளைத் தாங்கும் அலுமினியக் கிண்ணம் எங்கோ உரசி நிற்கலாம். டாஷ்போர்டை விரலால் மெல்லத் தட்டும்போது முள் குதித்தால் உரசல். மேடு பள்ளத்தில் முள் தன் போக்கில் தொங்கி ஆடினால் தளர்ச்சி. இரண்டுமே மீட்டர் மெக்கானிக் வேலை. முள்ளை நீங்களே பிடுங்கிச் செருகப் பார்த்தால், முள்ளைப் பூஜ்யத்துக்குத் திரும்ப இழுக்கும், தலைமுடி போல இருக்கும் ஹேர் ஸ்பிரிங் கோணிவிடும். நான் ஒன்றைக் கோணடித்திருக்கிறேன்.

## முள் ஆடுகிறது, எண் மட்டும் நின்றுவிட்டது

உள்ளே சிறிய பல்சக்கரம் ஒன்று உடைந்திருக்கும் அல்லது நழுவியிருக்கும். ட்ரிப் மீட்டர் (ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் எண்) உள்ள கார்களில், வண்டி ஓடும்போதே ட்ரிப்பைப் பூஜ்யம் செய்வது இதற்குப் பேர்போன காரணம். நிறுத்திவிட்டுத் திருப்புங்கள்.

இதுவும் மெக்கானிக் வேலை. அதுவரை டீசலோ பெட்ரோலோ போடும் தேதியை நோட்டில் எழுதிவைத்து ஆயில் மாற்றும் நாளைக் கணக்கிடலாம். சரிசெய்து வரும்போது எண் மாறியிருக்கக் கூடாது. கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

## முள் நடுங்குகிறது, குதிக்கிறது

20-க்கும் 40-க்கும் நடுவில் முள் தாண்டவம் ஆடும். எண் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் மீட்டரைப் பழி சொல்வார்கள். என் கணக்கில் இதில் பாதிக்கு மேல் கேபிளின் வறட்சி, மீதியில் பெரும்பங்கு கேபிளின் வளைவு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: எப்போது நடுங்குகிறது? ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலையில் கிளம்பும்போது நடுங்கி, அருவங்காடு வருவதற்குள் அடங்கிவிட்டால், யாரோ கேபிளில் கெட்டியான கிரீஸை வழித்து அடைத்திருக்கிறார்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் அது. குளிரில் மெழுகு மாதிரி இறுகி, இன்னரைப் பிடித்துப் பிடித்து விடும். முள் அதைத்தான் காட்டுகிறது. சமவெளியில் கிரீஸ் போட்டுக் கொடுத்த கார்கள் மேலே வந்ததும் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா நேரமும் நடுங்கினால் வரிசையாக இப்படிப் பாருங்கள்.

கேபிள் போகும் வழியைக் கையால் தொடர்ந்து தடவுங்கள். மீட்டரை விட்டு வெளிவந்ததும் இரண்டு அங்குலமாவது நேராகப் போக வேண்டும். அதற்குப் பிறகு வரும் எந்த வளைவும் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. ஹீட்டர் குழாயோ புதிதாக மாட்டிய மியூசிக் சிஸ்டமோ கேபிளை ஓரம் தள்ளி மடக்கியிருக்கும். பல கார்களில் அதை நிமிர்த்தியதுமே முள் அடங்கிவிட்டது; ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்து இன்னரை மேல் வழியாக உருவுங்கள். பழைய துணியால் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, கேபிள் நடுவில் ஒரு தொட்டில் மாதிரி தொங்க, இரண்டு முனைகளையும் விரல்களால் ஒரே திசையில் உருட்டுங்கள். நல்ல கேபிள் அசையாமல் நின்ற இடத்தில் சுற்றும். எங்காவது மடிப்பு விழுந்திருந்தால் அந்த இடம் வந்ததும் துள்ளிப் பக்கம் மாறும். துள்ளும் கேபிளை நிமிர்த்த முடியாது. தூக்கிப் போடுங்கள்.

துள்ளாவிட்டால் மெல்லிய லித்தியம் கிரீஸை விரலில் எடுத்து, சாமிக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி லேசாகத் தடவியபடி இன்னரை உள்ளே இறக்குங்கள். மேல்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கிரீஸ் வேண்டாம். சுற்றும் கேபிள் திருகு மாதிரி கிரீஸை மேலே ஏற்றும். ஏறிய கிரீஸ் மீட்டருக்குள் போனால் உங்கள் பிரச்சினை அடுத்த தலைப்புகளில் ஒன்றுக்கு மாறிவிடும். இறக்கும்போது கடைசியில் மெல்லத் திருகிப் பாருங்கள். சதுரம் கீழ்த்துளையில் "டக்" என்று உட்காருவது கைக்குத் தெரியும்.

அவுட்டரையும் ஒருமுறை பாருங்கள். எலி கடித்திருக்கலாம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கும் காரில், கடித்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, இன்னர் துருப்பிடித்து, தை மாதம் முள் ஆட ஆரம்பிக்கும். ஓட்டைக்கு டேப் சுற்றுவது தற்காலிகம்தான்.

இத்தனைக்கும் பிறகு ஆடினால் மீட்டரின் சுழல்தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது. மெக்கானிக்.

## கிறீச் என்ற சத்தம்

வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறும். சிலருக்கு டாஷ்போர்டுக்குள் குருவி கூடு கட்டிவிட்டதோ என்று சந்தேகம் வரும். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் கேபிள். மேலே சொன்ன கழுவல், கிரீஸ் வைத்தியம். நின்றுவிட்டால் மீட்டரின் தண்டு.

தண்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கேபிள் நுழையும் துளையைச் சுற்றி ஊசி முனையால் விட்டு, மீட்டரை ஒரு மணி நேரம் குப்புறப் போட்டுவையுங்கள். இரண்டாவது சொட்டு விட ஆசை வரும், விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் எனக்குத் தெரியும். மார்கழியில் அது உறைந்து, சத்தத்தோடு முள்ளும் நின்றுபோனது.

சத்தம்தானே என்று விட்டுவைக்க வேண்டாம். இது மேலே நான் மூன்று கேபிள் தொலைத்த கதையின் முதல் அத்தியாயம்.

## வேகத்தைத் தப்பாகக் காட்டுகிறது

முதலில் டயலை ஒழுங்காகப் படியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோட்டத்து பங்களாக்களில் இருந்து கைமாறி வந்த பிரிட்டிஷ் கார்களில் டயல் மைலில் இருக்கும். மீட்டர் 30 காட்டும்போது நீங்கள் போவது 48 கிலோமீட்டர் வேகம். கோத்தகிரியில் ஒருவர் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டிவிட்டு என்னிடம் வந்தார். டயலின் அடியில் "எம்.பி.எச்." என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

மைல் இல்லை என்றால் சோதனைக்கு மலையிறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே வேகத்தில் போக முடியாது, செல்போன் ஜி.பி.எஸ். காட்டும் வேகமும் வளைவிலும் மரநிழலிலும் பின்தங்கும். மேட்டுப்பாளையம் தாண்டி நேரான சாலையில், வண்டி நெரிசல் இல்லாத நேரத்தில், முள்ளை 40-இல் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேரம் பார்க்கட்டும். 90 விநாடி ஆக வேண்டும். 100 ஆனால் உண்மை வேகம் 36. மீட்டர் கூட்டிக் காட்டுகிறது. 80 ஆனால் உண்மை வேகம் 45. இதுதான் ஆபத்தான பக்கம்.

இப்போது மறுபடியும் எண்ணைப் பாருங்கள். பத்துக் கல் தாண்டும்போது எண் எவ்வளவு கூடியது? ஒரு கல்லை மட்டும் நம்ப வேண்டாம். சாலை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறி நடப்படுவதுண்டு.

*முள்ளும் எண்ணும் ஒரே அளவில் தப்பினால்* மீட்டர் குற்றமற்றது. டயர் அளவு மாறியிருக்கிறது, அல்லது பினியன். பத்மினிக்கு முதலில் வந்தது 5.20-14, அம்பாசடருக்கு 5.90-15. அதை எடுத்துவிட்டு, கிடைத்த ரேடியலைப் போட்டிருந்தால் மொத்த உயரத்தை அளந்து பாருங்கள். டயர் உயரம் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் மீட்டர் ஏறக்குறைய அதே ஐந்து கூட்டிக் காட்டும். டீசல் எஞ்சினும் வேறு கியர்பாக்ஸும் மாற்றிய அம்பாசடர்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. அவற்றில் கியர்பாக்ஸ் ஒரு கணக்கு, மீட்டர் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை நீங்களே எடுக்கலாம். பல மீட்டர்களின் டயல் அடியில் 1000 போன்ற ஒரு சிறிய எண் இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு (மைல் டயல் என்றால் ஒரு மைலுக்கு) கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. கேபிளின் மேல்நுனியில் காகிதத்தைக் கொடி மாதிரி ஒட்டி, தரையில் 10 மீட்டர் அளந்து கோடு போட்டு, காரைத் தள்ளி, கொடி சுற்றுவதை எண்ணுங்கள். வந்ததை 100-ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு, 161-ஆல் பெருக்கினால் மைலுக்கு. கால் சுற்று, அரைச் சுற்று என்று கவனமாக எண்ண வேண்டும். டயலில் 1000, உங்களுக்கு எட்டேகால் சுற்று வந்தால், 825; பினியனோ மீட்டரோ இந்தக் காருக்கு உரியதல்ல. மெக்கானிக்கிடம் போகும்போது இந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

*எண் சரி, முள் மட்டும் தப்பு என்றால்* காந்தம் தளர்ந்திருக்கும் (குறைத்துக் காட்டும்), அல்லது ஹேர் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும் (கூட்டிக் காட்டும்). மீட்டர் மெக்கானிக்.

## முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, அல்லது உச்சியில் போய் நிற்கிறது

கார் நின்ற பிறகும் முள் 15-இல் நின்றால், டாஷ்போர்டைத் தட்டியதும் இறங்கினால், உள்ளே அழுக்கு. 20 வேகத்திலேயே முள் 120-க்குப் பறந்தால், மீட்டருக்குள் கிரீஸோ ஆயிலோ போய், காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றப் பார்க்கின்றன. பெட்ரோல் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டயலின் எழுத்து கரைந்துவிடும். உடனே கேபிளைக் கழற்றிவிட்டு மீட்டரை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் போகும்.

கொடுக்கும் முன் கேபிளின் மேல்நுனியைத் துடைத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் வாடை தனி. அந்த வாடை வந்தால், கீழே பினியனின் ஆயில் சீல் போயிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும்போது வண்டி பின்பக்கம் சாய்ந்தே வருவதால் ஆயில் கியர்பாக்ஸின் வால் பக்கம் தேங்கும். சீல் தளர்ந்திருந்தால் கேபிளைப் பிடித்து மேலே ஏறும். சீல் விலை சொற்பம். அதை மாற்றாமல் மீட்டரை மட்டும் சரிசெய்தால் அடுத்த வருடம் அதே மெக்கானிக்கைப் பார்க்கப் போவீர்கள்.

## கண்ணாடிக்குள் ஆவி

மீட்டரின் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கிறது. வெயில் நாளில் கழற்றி, வளையத்தை மாற்றி மாட்டுங்கள். அவசரத்துக்கு டாஷ்போர்டு பல்பைப் போட்டுவைத்தால் அரை மணியில் ஆவி விலகும்.

## மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

மெக்கானிக் என்றால் கார் மெக்கானிக் இல்லை, மீட்டர் மட்டும் பார்க்கிறவர். மலையில் ஆள் கிடைக்காவிட்டால் கோவைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். டயலுக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; கேட்காமலே அடித்துத் தருகிறவர்கள் உண்டு, பழைய எழுத்தின் அழகு திரும்ப வராது. அறிகுறி என்ன, எண் ஓடியதா இல்லையா, 10 மீட்டருக்கு எத்தனை சுற்று என்பதை ஒரு சீட்டில் எழுதி மீட்டரோடு கட்டி அனுப்புங்கள். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது என்றால் ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். முள் ஓடாத மீட்டரோடு ஆர்.டி.ஓ. முன் போய் நிற்க வேண்டாம்.

மீட்டர் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் கார் ஓட வேண்டுமானால், இன்னரை முழுதாக உருவி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுங்கள். உள்ளேயே விட்டால் அது சுற்றிச் சுற்றி வெளியே வந்து உங்கள் கால்சட்டையில் கிரீஸ் பூசும். அவுட்டரின் வாயை டேப்பால் மூடுங்கள். டாஷ்போர்டில் மீட்டர் இருந்த ஓட்டையில் ஒரு பழைய துணியை இறுக்கி அடைத்துவையுங்கள். நான் அடைக்காமல் விட்ட ஒரே வாரத்தில், என் பத்மினியின் ஓட்டைக்குள் எலி நான்கு குட்டி போட்டிருந்தது.